வேலை போனால் வீடும் போகலாமா?



மனித உரிமை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருபவை சிறைச்சாலை, காவல் நிலையம், நீதிமன்றம், பேச்சுரிமை ஆகியவைதாம். அவை முக்கியமானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் இன்றைய பேச்சு ஒரு வீட்டுச் சாவியைப் பற்றியது. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் 30 ஆண்டு, 35 ஆண்டு பால்மரம் வெட்டியவர்கள், வேலை முடிந்த நாளில் தோட்ட அலுவலகத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்த சாவி அது. அந்தச் சாவி யார் கையில் இருக்கிறது என்பதில்தான் ஒரு குடும்பத்தின் சம்பளம், உடல்நலம், பிள்ளைகளின் படிப்பு, மானம் எல்லாமே அடங்கியிருக்கின்றன.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். நாட்டுக்கே பொருள் ஈட்டித் தந்த ஒரு சமுதாயத்துக்கு அந்தத் தனி வளை ஏன் கிடைக்காமல் போயிற்று? இதுதான் கேள்வி.

லயம் யாருக்குச் சொந்தம்?

சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு 1891ஆம் ஆண்டிலேயே இரயில் ஓடத் தொடங்கிவிட்டது. முதலில் காப்பி, பிறகு ரப்பர் என்று அந்தப் பகுதி முழுதும் தோட்டங்களாயிற்று. ரந்தாவ், லிங்கி, லாபு, சிலியாவ், பகாவ், கெமெஞ்சே என எந்தப் பக்கம் திரும்பினாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் வியர்வை இருந்தது. 1910இல் ஒப்பந்தக் கூலி முறை கைவிடப்பட்டது. அதன்பின் கங்காணி முறையே ஓங்கியது. 1938இல் இந்திய அரசாங்கம் தடை விதித்த பிறகுதான் உதவி பெற்று வரும் கூலித் தொழிலாளர்களின் வரவு நின்றது.

வந்தவர்களுக்கு வீடு கொடுத்தது தோட்ட நிர்வாகம். அது இலவச வீடு. பெரட்டுக்கு விடியற்காலை ஆள் வந்து நிற்க வேண்டுமென்றால் ஆள் பக்கத்திலேயே குடியிருக்க வேண்டும் அல்லவா? லயம், கோயில், ஆயாக்கொட்டகை, கள்ளுக்கடை, பள்ளிக்கூடம் எல்லாமே வேலிக்குள் இருந்தன. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், குறிப்பிட்ட வயதில் 10 பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று சொன்னது. அப்படித் தோன்றியவைதாம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பலவும்.

நாடு சுதந்திரம் அடைந்த பிறகு 1966இல் தொழிலாளர் வீட்டு வசதிக்கு ஒரு சட்டம் வந்தது. 1990இல் அதற்குப் பதிலாகக் குறைந்தபட்ச வீட்டு வசதித் தரச் சட்டம் வந்தது. அறை எப்படி இருக்க வேண்டும், தண்ணீர், மின்சாரம், குழந்தைக் காப்பகம் எப்படி அமைய வேண்டும் என்பதையெல்லாம் இச்சட்டங்கள் பேசின. இவற்றால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் வேலை முடிந்த பின் அந்தக் குடும்பம் எங்கே போகும் என்ற கேள்விக்கு அவற்றில் விடையில்லை. வீட்டின் தரம் உயர்ந்தது; உரிமை மட்டும் நிர்வாகத்திடமே இருந்தது.

இன்னொரு குறையும் இருந்தது. தோட்டம் தனியார் நிலம் என்று கருதப்பட்டதால், கம்பங்களுக்குச் சாலையும் குழாய்த் தண்ணீரும் மின்கம்பமும் கொண்டுவந்த கிராமப்புற மேம்பாட்டுத் திட்டங்கள் தோட்ட வாசலோடு நின்றுவிட்டன. நகராண்மைக் கழகமும் உள்ளே வரவில்லை. அரசாங்கத்தைக் கேட்டால் நிர்வாகத்தைக் கேள் என்றார்கள்; நிர்வாகத்தைக் கேட்டால் சட்டத்தில் உள்ளதைக் கொடுத்துவிட்டோம் என்றார்கள்.

எட்டு வார நோட்டீஸ்

தொழிற்சங்கம் போராடவில்லையா என்று கேட்கலாம். போராடியது. போருக்குப் பின் நெகிரி செம்பிலான் தோட்டத் தொழிலாளர்களிடையே சங்கப் பணியில் இறங்கியவர் பி.பி.நாராயணன். பல மாநிலச் சங்கங்கள் இணைந்து 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானதில் அவர் பங்கு பெரிது. 1962இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. 1975 முதல் 1992 வரை அனைத்துலகச் சுதந்திரத் தொழிற்சங்கங்களின் சம்மேளனத்துக்கே அவர் தலைவராக இருந்தார். ஒரு தோட்டத் தொழிற்சங்கவாதி உலகத் தலைவரானது சாதாரணச் செய்தியன்று.

ஆனாலும் சம்பளம் நாட்கூலியாகவும் பாலின் எடையையும் ரப்பர் விலையையும் ஒட்டியதாகவுமே நெடுங்காலம் இருந்தது. மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் கூலியும் குறையும். 2003இல் கூட்டு ஒப்பந்தப்படி உறுதி செய்யப்பட்ட மாதச் சம்பளம் 350 வெள்ளி. அதற்கு முந்திய ஆண்டில் தீபகற்ப மலேசியாவில் ஒரு குடும்பத்துக்கு அரசாங்கம் வகுத்த வறுமைக் கோடு 529 வெள்ளி. ஒருவர் மட்டும் உழைத்தால் அந்தக் குடும்பம் கோட்டுக்குக் கீழேதான். சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளியாக நடப்புக்கு வந்தது 2013இல். அது 2022இல் 1,500 வெள்ளியாகவும் 2025இல் 1,700 வெள்ளியாகவும் உயர்ந்தது. அதற்குள் பெரும்பாலான தமிழ்க் குடும்பங்கள் தோட்டத்தை விட்டு வெளியேறியிருந்தன.

எப்படி வெளியேறினார்கள்? 1950களிலும் 60களிலும் வெள்ளைக்கார நிறுவனங்கள் விற்ற தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அந்த அதிர்ச்சியிலிருந்துதான் துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சிறு சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கினார். 1980களுக்குப் பிறகு வேறொரு அலை வந்தது. கோலாலம்பூரும் விமான நிலையமும் அருகில் இருப்பதால் நீலாய், லாபு, சிரம்பான் சுற்றுவட்டாரத்தில் ரப்பர், செம்பனைக் காடுகள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. மலேசிய விஷன் வேலி என்ற பெருந்திட்டமும் சிரம்பான், போர்ட்டிக்சன் மாவட்டங்களையே குறி வைத்தது. ஏக்கர் கணக்கில் விலை பேசிய நிலம் சதுர அடிக் கணக்கில் விலை போயிற்று.

அந்த உயர்வில் லயத்துக் குடும்பத்துக்கு என்ன கிடைத்தது? 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவருக்கு 8 வார நோட்டீஸ். 1980ஆம் ஆண்டு பணி நீக்கப் பலன் விதிகளின்படி, அவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 ஆண்டு உழைத்தவருக்கு 600 நாள் சம்பளம். நாள் ஒன்றுக்கு 20 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் 12,000 வெள்ளி. அதே காலத்தில் அரசாங்கம் மலிவு விலை வீட்டுக்கு வைத்திருந்த உச்ச விலை 25,000 வெள்ளி. 1998க்குப் பிறகு இடத்தைப் பொறுத்து அது 42,000 வரை போனது. 50 வயதைத் தாண்டிய, வேலையிழந்த ஒருவருக்கு மீதித் தொகையை எந்த வங்கி கடனாகக் கொடுக்கும்?

ஆகவேதான் பலர் புறம்போக்கு நிலத்தில் பலகை வீடு கட்டினார்கள். பலர் அடுக்குமாடிகளில் வாடகைக்குப் புகுந்தார்கள். தோட்டத்தில் பசுமாடும் காய்கறித் தோட்டமும் வைத்திருந்தவர்களுக்கு அடுக்குமாடியில் எல்லாமே காசு. நகரத்து இளைஞர்கள் வழிதவறிப் போகிறார்கள் என்று மேடைதோறும் கவலைப்படுகிறோம். அந்த இளைஞனின் பெற்றோர் எந்த நாளில், எந்த நிலையில் தோட்டத்தை விட்டு இறக்கப்பட்டார்கள் என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்?

வேலிக்கு அந்தப் பக்கம்

இதற்கு வழியே இல்லை என்று சொல்ல முடியாது. வழி பக்கத்திலேயே இருந்தது. 1956இல் தோன்றிய பெல்டா, நிலமற்ற கிராமத்து மக்களுக்கு ஏறத்தாழ 10 ஏக்கர் நிலமும் வீட்டு மனையும் கொடுத்துக் குடியமர்த்தியது. நாடு முழுதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இதனால் வாழ்வு பெற்றன. நெகிரி செம்பிலானில் பாலோங், செர்த்திங், பாசோ முதலிய இடங்களில் பெல்டா குடியிருப்புகள் உண்டு. ஜெம்போல் வட்டாரத்தில் ஒரு பக்கம் பெல்டா, மறுபக்கம் தனியார் தோட்டம். இரு பக்கமும் மரம் ஒன்றே, உழைப்பும் ஒன்றே. ஒரு பக்கத்தில் உழைத்தவர் தம் பிள்ளைக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுக் கண்மூடினார். மறுபக்கத்தில் உழைத்தவர் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேறினார்.

பெல்டா குடியேற்றக்காரர் பெற்றதைக் குறை சொல்வதற்காக இது கூறப்படவில்லை. அவர்கள் பெற்றது நியாயமானது. உழைப்பவனுக்கு வீட்டு மனை கொடுத்தால் ஒரு தலைமுறையிலேயே வறுமை விலகும் என்பதை நம் நாடே நிரூபித்துக் காட்டியிருக்கிறது. அந்த மருந்து வேலிக்கு இந்தப் பக்கம் ஏன் வரவில்லை என்பதே வருத்தம்.

சில நிறுவனங்கள் தொழிலாளர்களுக்கு வீடமைப்புத் திட்டம் செய்து கொடுத்ததும் உண்டு. அதைப் பாராட்ட வேண்டும். ஆனால் நல்ல நிர்வாகி இருந்தால் கிடைக்கும், இல்லையென்றால் கிடைக்காது என்றால் அது தர்மம், உரிமை ஆகாது.

வாய் திறக்க முடியாத நிலை

வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தால் மற்ற உரிமைகளும் செயலற்றுப் போகும். இதற்குச் சரியான சான்று, தோட்டங்களில் மருந்தடித்த பெண்கள். களைக்கொல்லி தெளிக்கும் வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்தார்கள். முதுகில் தோம்பைச் சுமந்துகொண்டு, வெயிலில் நாள் முழுதும் அடிப்பார்கள். 2002இல் தெனாகானித்தா அமைப்பு, தோட்டங்களில் பூச்சிமருந்து நஞ்சால் பெண்கள் படும் பாட்டை ஆய்வு செய்து வெளியிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்குத் தடை அறிவிக்கப்பட்டது. 2006இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. முழுத் தடை நடப்புக்கு வந்தது 2020 ஜனவரி முதல் தேதி. இடையில் 17 ஆண்டுகள் கடந்துவிட்டன.

கண் எரிகிறது, நகம் கழன்று விழுகிறது, இந்த வேலை வேண்டாம் என்று ஒரு பெண் சொல்லியிருக்கலாமே என்று வெளியில் இருப்பவர் கேட்கலாம். சொன்னால் வேலை போகும். வேலை போனால் வீடு போகும். வீடு போனால் பிள்ளைகளின் பள்ளியும் போகும். அந்த ஒரு பயத்தால் வாய் மூடிக் கிடந்த உரிமைகள் எத்தனையோ!

ஆவணக் குறைபாடும் இப்படித்தான். 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமாக்கப்பட்டபோது, சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் வேலையோடு வீட்டையும் இழந்தார்கள். ஏறத்தாழ 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள் என்பது வரலாறு. தோட்டத்துக் கோயிலில் மாலை மாற்றி, பதிவு செய்யாமல் விட்ட திருமணங்களால் வந்த சிக்கலும் உண்டு. 1982 மார்ச் முதல் திருமணப் பதிவு கட்டாயம். பதிவு இல்லையென்றால், தந்தை குடிமகனாக இருந்தாலும் பிள்ளையின் குடியுரிமை தாயின் தகுதியை ஒட்டியே முடிவாகும். தாயிடம் ஆவணம் இல்லையென்றால் பிள்ளைக்கும் இல்லை. அடையாள அட்டை இல்லாதவன் மலிவு விலை வீட்டுக்கு மனுகூடப் போட முடியாது.

இன்று லயத்தில் இருப்பவர் யார்?

நேயர்களில் சிலருக்கு இது கசப்பாக இருக்கலாம். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். இன்று மலேசியத் தோட்டங்களில் வேலை செய்பவர்களில் பெரும்பான்மையினர் இந்தோனேசியா, வங்காளதேசம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்கள் வந்ததால்தான் நம்மவர் சம்பளம் உயரவில்லை, நம்மவர் வேலை போயிற்று என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. உண்மையில் குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கும்படி அமைத்தவர்கள் அவர்கள் அல்லர். ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு, கடவுச்சீட்டைப் பிறரிடம் கொடுத்துவிட்டு, லயத்து அறையில் ஒடுங்கிப் படுத்திருக்கும் அந்த இளைஞனின் நிலை எதை நினைவூட்டுகிறது? கங்காணியிடம் முன்பணம் வாங்கிக் கப்பலேறிய பாட்டனாரின் நிலையைத்தானே!

2020 டிசம்பரில் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்பு அறிகுறிகளைக் காரணம் காட்டி, சைம் டார்பி பிளாண்டேஷன் நிறுவனத்தின் செம்பனை எண்ணெய்க்குத் தடை போட்டது. நிறுவனம் பல திருத்தங்களைச் செய்த பிறகு 2023 பிப்ரவரியில் தடை நீங்கியது. இதே காலத்தில் நம் வீட்டு வசதிச் சட்டமும் திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் தோட்டம் மட்டுமன்றி மற்றத் துறைகளுக்கும் விரிவானது. தொழிலாளியின் படுக்கை எப்படி இருக்கிறது என்பது உலகச் சந்தையின் கேள்வியாகிவிட்டதை இது காட்டுகிறது.

நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 8ஆவது பிரிவைப் பாருங்கள். சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று அது தொடங்கும் இடத்தில் குடிமக்கள் என்ற சொல் இல்லை. எல்லா மனிதர்களையும் அது குறிக்கிறது. 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் 25ஆவது பிரிவில் உணவு, உடை, மருத்துவத்தோடு வீட்டையும் சேர்த்துச் சொல்கிறது. வேலையின்மையிலும் முதுமையிலும் பாதுகாப்பு வேண்டும் என்கிறது. ஆசியான் நாடுகள் 2012இல் கையொப்பமிட்ட மனித உரிமைப் பிரகடனத்திலும் வீட்டு உரிமை இடம் பெற்றுள்ளது. அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 1961இலேயே ஒரு பரிந்துரை செய்தது. முதலாளி நேரடியாக வீடு கொடுப்பது பொதுவாக விரும்பத்தக்கதன்று. தவிர்க்க முடியாமல் கொடுத்தால், நோய், ஓய்வு, மரணம் ஆகியவற்றால் வேலை முடியும்போது, வேறு வீடு தேடிக்கொள்ள நியாயமான கால அவகாசம் தர வேண்டும் என்பது அதன் சாரம். தோட்ட வாழ்க்கையை நேரில் பார்த்து எழுதியது போலவே இருக்கிறது.

இலங்கை மலையகத்திலும் இதே கதைதான். தோட்ட லயத்து அறைகளில் ஏறத்தாழ 200 ஆண்டுகள் வாழ்ந்த தமிழர்களுக்கு, 7 பேர்ச் காணியோடு தனி வீடு என்ற கொள்கை அண்மைக் காலத்தில்தான் உருவானது. இந்திய உதவியுடன் முதலில் 4,000 வீடுகளும், 2017இல் கூடுதலாக 10,000 வீடுகளும் அறிவிக்கப்பட்டன. வேலை மெதுவாகவே நடக்கிறது. ஆனாலும் வீட்டோடு நிலமும் வேண்டும், நிலத்துக்கு உறுதிப் பத்திரமும் வேண்டும் என்று அந்த மக்கள் கேட்கிறார்கள் பாருங்கள், அதுதான் சரியான கோரிக்கை.

செய்ய வேண்டியவை

இனி என்ன செய்யலாம்? முதலாவது, நிலம் மாநில அரசாங்கத்தின் அதிகாரத்தில் உள்ளது. விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற, 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்படி மாநில அரசாங்கத்தின் அனுமதி தேவை. அனுமதி தரும்போது நிபந்தனை விதிக்கும் அதிகாரமும் அதற்கு உண்டு. தோட்டத்தில் இருக்கும் குடும்பங்களுக்கும், அங்கிருந்து ஓய்வு பெற்ற குடும்பங்களுக்கும் அதே வட்டாரத்தில் வீடு ஒதுக்கிய பிறகே நில மாற்றம் என்று ஒரு நிபந்தனை வைத்தால் போதும். மேம்பாட்டாளருக்குக் கிடைக்கும் இலாபத்தில் அது சிறு பங்கு. புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சிரம்பானிலேயே முடிவு செய்யலாம்.

இரண்டாவது, தமிழ்ப்பள்ளி. நெகிரி செம்பிலானில் 61 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் பலவற்றின் பெயரில் இன்னும் லாடாங் என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. லாடாங் செனாவாங், லாடாங் சிரம்பான், லாடாங் சுவா பெத்தோங், லாடாங் ஜெராம் பாடாங் என்று படிக்கும்போதே பழைய தோட்ட வரைபடம் கண்முன் வருகிறது. லயத்தைப் போலவே பள்ளி நிலத்துக்கும் பட்டா யார் பெயரில் என்பதைப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, குடும்பங்களே செய்ய வேண்டியது. தோட்டம் விற்கப்படுகிறது என்ற செய்தி வந்த பிறகு கூட்டம் போடுவதில் பயன் குறைவு. சம்பளச் சீட்டு, சேமநிதிக் கணக்கறிக்கை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், திருமணப் பதிவு, தோட்டத்தில் எந்த ஆண்டு முதல் குடியிருக்கிறோம் என்பதற்கான சான்று ஆகியவற்றை இன்றே ஒரு பையில் போட்டு வையுங்கள். தோட்டத்துக்கு ஒரு குடியிருப்பாளர் செயற்குழு அமையுங்கள். பணி நீக்கப் பலன் குறைந்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். அதற்கு வழக்கறிஞர் கட்டாயமில்லை. 2000ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் மனித உரிமை ஆணையமான சுஹாகாமுக்கும் எழுதலாம். கூட்டமாக, எழுத்தில், ஆதாரத்தோடு கேட்கும்போது எந்த அலுவலகமும் அவ்வளவு எளிதாகத் தட்டிக்கழிக்க முடியாது.

நான்காவது, பக்கத்து அறையில் இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளியையும் இந்தக் கோரிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவனுடைய கடவுச்சீட்டு அவன் கையில் இருக்க வேண்டும், அவன் அறையும் சட்டம் சொன்ன தரத்தில் இருக்க வேண்டும் என்று கேட்பது நம்மவருக்கும் பாதுகாப்பு. அவனை மலிவாக வைத்திருக்க முடியும்வரை யாருடைய கூலியும் உயராது.

தோட்டத்தில் எஞ்சியிருக்கும் குடும்பங்கள் இன்று குறைவு. எண்ணிக்கை குறைவாக இருப்பதால் செலவும் குறைவு என்பதை அதிகாரத்தில் உள்ளவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டு தலைமுறைக்கு முன் செய்திருக்க வேண்டியதை இந்தத் தலைமுறையிலாவது முடித்து வைக்கலாம். உழைத்து ஓய்ந்த ஒரு முதியவர் சாவியைத் திருப்பிக் கொடுக்க அலுவலக வாசலில் நிற்கும் காட்சி நெகிரி செம்பிலானின் எந்தத் தோட்டத்திலும் இனி நடக்கக் கூடாது. அந்தச் சாவி அவர் பேரப்பிள்ளையின் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.